முதல் கியர் இருந்த இடம்

இரண்டு கியர் பெட்டிகளில் எது என்று ஜெசிந்தா சொல்ல வேண்டுமாம். உங்கப்பா வண்டி, நீயே சொல்லு என்று ராயப்பன் காலையில் வீட்டிலிருந்து புறப்படும்போது பெருந்தன்மையாகச் சொன்னான்; சொல்லும்போதே முடிவு அவனுக்குள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது, கட்டிய மனைவிக்கு அதுகூடவா தெரியாது. இப்போது சிங்காநல்லூரில் மயில்சாமியின் பட்டறையில், அந்தச் சிவப்பு வண்டியின் இடதுபக்க சீட்டில், மடியில் பிள்ளை அலோவோடு அவள் உட்கார்ந்திருந்தாள். "அம்மிணி வண்டிக்குள்ளயே உக்காந்துக்குங்க, ஸ்டூலெல்லாம் கிரீசுங்க, சேலை போயிரும்" என்று மயில்சாமிதான் கதவைத் திறந்துவிட்டார். இரண்டே பேர் உட்காரக்கூடிய வண்டி, தரையோடு தரையாகப் படுத்துக் கிடப்பது, உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். பானட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டதால் முன்புறம் பல் பிடுங்கிய வாய்போல் இருந்தது. பெட்ரோல் இன்ஜின் அப்பா போன பிறகு நின்றபடியே இறுகிப் போய்விட்டது, அதற்குச் சாமான் தேடினால் சீமைக்குத்தான் எழுத வேண்டும், ஆகவே டாக்சியிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜின் ஒன்று மூலையில் கட்டையின் மேல் காத்திருந்தது. ஸ்போர்ட்ஸ் காருக்கு டீசலா என்று கேட்டவர்களுக்கெல்லாம், செட்டுக்குள்ளேயே நிக்கிறதுக்குப் பேரு ஸ்போர்ட்ஸாக்கும் என்று ராயப்பன் பதில் வைத்திருந்தான். அதெல்லாம் சரிதான். இன்ஜினைப் பற்றி அவளுக்குப் பேச்சே இல்லை. அலோ அவள் தாலிச் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்தான், எடுத்துவிட்டாள், மறுபடியும் வைத்தான். சங்கிலி தொண்டைக்குள் போய்விட்டால். போகாது, கழுத்தில் மாட்டியிருக்கிற சங்கிலி எப்படிப் போகும். அறுந்தால் போகும். எடுத்துவிட்டாள்.

"நல்லாக் கேட்டுக்குங்க அம்மிணி, அப்பறம் என்னையக் குத்தம் சொல்லப்படாது" என்று மயில்சாமி கோணிச்சாக்கின் மேல் கிடந்த பெட்டிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து ஆரம்பித்தார். வண்டியோடு வந்த பழைய பெட்டி ஆகாது, அது பூஞ்சை உடம்பு, டீசல் இழுக்கிற இழுப்புக்குப் பல்லெல்லாம் உதிர்ந்துவிடும், அதை இரும்புக்கடைக்குப் போடாமல் பூஜைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இது டாக்சிப் பெட்டி, நாலு கியர், இந்த இன்ஜினோடு பிறந்த உருப்படி, நாலு போல்ட்டில் உட்கார்ந்துவிடும். என்ன ஒன்று, டீசல் வேகமாகச் சுற்றாது, இவள் பின்பக்கத்து அச்சு பெட்ரோலுக்கென்று செய்தது, அதனால் நாலாவது போட்ட பிறகும் ரோட்டில் கத்திக்கொண்டே போவாள். அது வேன் பெட்டி, அஞ்சு கியர், அஞ்சாவது விழுந்துவிட்டால் சத்தமே இல்லாமல் மிதப்பாள், ஆனால் நீளம், இரண்டு சீட்டுக்கும் நடுவே புடைத்திருக்கிற டனலை வெட்ட வேண்டும், ஷாஃப்டைக் குறைக்க வேண்டும், சீட்டு நகராது. மயில்சாமி வண்டியை அவள் இவள் என்றே பேசினார். அந்த அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, எங்கே கத்துவாள், எங்கே மிதப்பாள் என்று. ராயப்பன் வேன் பெட்டியின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றான், பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தம்பியைத் தட்டிக்கொடுக்கிறவனைப் போல. "நாலு கியர்ல அவினாசி தாண்டறதுக்குள்ள காது செத்துரும் ஜெஸி. அஞ்சு இருந்தா பிள்ளை தூங்கிட்டே வருவான்." பிள்ளையைச் சொன்னால் அவள் மசிவாள் என்று அவனுக்குத் தெரியும். பிறகு அளவு பார்ப்பதற்காக வேன் பெட்டியை ஜாக்கியில் தூக்கி அடியில் கொடுத்து, கியர் கம்பியை மட்டும் ஓட்டை வழியாக மேலே எடுத்து வைத்தார்கள். ஆக, கம்பி அவள் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது, கறுப்புக் குமிழோடு, குமிழில் வெள்ளைக் கோடும் எழுத்துகளும். அவள் அதைப் படித்தாள். படித்திருக்க வேண்டாம்.

எழுத்தென்றால் படித்தாக வேண்டிய கண் அவளுக்கு, தீப்பெட்டி லேபிளைக்கூட விடாது. குமிழில் இடதுபக்கம் மேலே, ஒன்று இருக்க வேண்டிய இடத்தில், ரிவர்ஸுக்குரிய ஆர் இருந்தது. ஒன்று அதற்கு நேர் கீழே. அதாவது முன்னால் தள்ளினால் பின்னால் போகும், பின்னால் இழுத்தால் முன்னால் போகும். அப்பாவின் பெட்டியில் இடதுபக்கம் மேலேதான் ஒன்று, உலகத்தில் எல்லா வண்டிக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள், சிலுவை போடும்போது நெற்றியில் ஆரம்பிப்பதுபோல. ரிவர்ஸ் என்றால் கம்பியைத் தூக்கி, பக்கவாட்டில் மல்லுக்கட்டி, வேண்டுமென்றே போட வேண்டும், தவறிப் போட முடியாது. இதில் அந்த மல்லுக்கட்டு உண்டா. கேட்கலாமா. "ஏனுங்க, இதுல ரிவர்ஸ் லேசா விழுமா?" கேட்டே விட்டாள். "நல்லா வெண்ணெய்யாட்டம் விழுமுங்க" என்றார் மயில்சாமி, அதைச் சிறப்பென்று நினைத்து. "உள்ள ஸ்பிரிங் ஒண்ணு தளந்து போச்சு, வேணும்னா புதுசு போட்டுக்கலாம், வேன்காரங்க யாரும் போடறதில்லீங்க." வெண்ணெய். ஒண்டிப்புதூர் வீட்டில் வண்டி நிற்கப்போகிற செட்டுக்கு ஒரே வாசல், வண்டியின் மூக்கு கேட்டைப் பார்த்து நிற்கும், முதுகுக்குப் பின்னால் சமையலறைப் படி. படி என்றால் ஒரே ஒரு கருங்கல், அலோ அதில் வயிற்றை வைத்துச் சறுக்கி இறங்கக் கற்றுக்கொண்டுவிட்டான். இறங்கினால் நேராகச் செட்டுக்குத்தான், சில்லென்ற சிமெண்டில் உள்ளங்கை பதியத் தவழ்ந்து, எண்ணெய்க் கறையைத் தொட்டுப் பார்க்க. ஒருவர் வண்டியில் ஏறுகிறார். கேட் முன்னால் திறந்திருக்கிறது, ஆகவே முன்னால்தான் பார்க்கிறார், பின்னால் ஏன் பார்க்க வேண்டும். சாவி. கை வழக்கம்போல இடதுபக்கம் மேலே தள்ளுகிறது. அதற்கு மேல் சத்தமில்லாமல் நடந்தது. அவளுக்கு வருகிற இந்தப் படங்களில் எப்போதும் சத்தம் இருக்காது, அதுதான் தாங்க முடியாது, சத்தம் இருந்தால் ஓடியாவது வரலாம்.

இது அந்த வகைப் பயமா, வேறு வகையா. அதுதான் தெரிய வேண்டும், தெரிந்தால் போதும், அதன்படி வாயைத் திறப்பதோ மூடுவதோ செய்யலாம். ஏனென்றால் பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவளுக்கு வருகிற பயங்களுக்குக் கணக்கு வழக்கில்லை. கிணற்றடிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக மாட்டாள், கை தானாக விட்டுவிடும் என்று. நகம் வெட்ட மாட்டாள், அது ராயப்பன் வேலை. அரிவாள்மனையை வேலை முடிந்ததும் பரண்மேல் போட்டுவிடுவாள், மறுநாள் ஸ்டூல் போட்டு ஏறி எடுப்பாள். ஒரு தடவை மாமியார் பார்த்துவிட்டு, "ஏண்டி, அது பாட்டுக்கு மூலைல கெடக்குறது உன்னை என்ன பண்ணிச்சு" என்றாள். அரிவாள்மனை ஒன்றும் பண்ணவில்லை அத்தை, நான்தான், என்று சொல்ல முடியுமா. ராயப்பன் ஆரம்பத்தில் பொறுமையாகக் கேட்டான், பிறகு சிரித்தான், இப்போது, "சரி, இன்னிக்கி என்ன செத்துது?" என்று கேட்கிறான், வேடிக்கையாகத்தான், கெட்டவன் இல்லை. கான்வெண்ட்டில் சிஸ்டர் பெலிசியா ஒரு நாள், யூ ஆர் எ ஸ்க்ருபுலஸ் கேர்ள் ஜெசிந்தா என்றார். எதிலும் கவனமான பெண் என்கிற பாராட்டென்று அவள் அதை எடுத்துக்கொண்டு, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொல்லி ஒரு சாக்லேட்டும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டாள். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டு வந்து, சாமியாரிடம் ஏதோ ஒரு பாவத்தைச் சொல்ல விட்டுப்போய்விட்டது என்று மறுபடியும் வரிசையில் நிற்கிற பெண்களுக்கு அவர்கள் வைத்த பெயர் அது, வியாதிக்கு வைக்கிற பெயர்போல. செருப்புக்குள் மாட்டிய சிறு கல் என்று அந்த வார்த்தைக்கு மூலமாம். எல்லோரும் கல்லை உதறிவிட்டு நடப்பார்கள், நீ கல்லுக்காக நடையை நிறுத்துகிறாய் என்றார் சிஸ்டர். சரி, உதறலாம். ஆனால் எல்லாக் கல்லும் சிறு கல்லா. சிந்தனையாலும் பாவம் செய்யலாம் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தானே. அப்படியானால் சற்றுமுன் செட்டில் நடந்தது யார் செய்தது. நினைக்கிறவள்தானே செய்கிறவள். பயந்து நினைக்கிறாளா, நினைப்பதால் பயப்படுகிறாளா, அல்லது, அல்லது என்பதற்குப் பிறகு அவள் போவதில்லை, அங்கே வந்ததும் அலோவின் தலையை முகர்ந்து பார்ப்பாள். முகர்ந்தாள். நல்லெண்ணெயும் பவுடரும் கொஞ்சம் பட்டறை வாடையும்.

பக்கத்து லேத்தில் கரண்டு போயிருக்க வேண்டும், இரும்பு சீவுகிற சத்தம் சட்டென்று நின்று, தெருவில் கரும்புச்சாறு வண்டியின் மணி மட்டும் கேட்டது. டீ வந்தது. மயில்சாமி ஒரு கிளாஸைக் கதவு வழியாக நீட்டினார், அவள் பிள்ளையிருக்கிற மடிக்கு மேலாகச் சுடச்சுட டீயை வாங்க மாட்டாள், "வச்சிருங்க, ஆறட்டும்" என்றாள். ராயப்பன் புரிந்துகொண்டு மெல்லச் சிரித்தது தெரிந்தது. சிரிக்கட்டும். டாக்சிப் பெட்டியின் கம்பி சாக்கில் தனியாகக் கிடந்தது, அதன் குமிழை இங்கிருந்தே படிக்க முடிந்தது, ஒன்று இடதுபக்கம் மேலே, இருக்க வேண்டிய இடத்தில். அப்பாவுக்கு இடது மணிக்கட்டு விளங்காது. கால்நடை டாக்டராக இருந்தவர், காங்கேயத்தில் ஒரு காளைக்கு ஊசி போடும்போது அது உதைத்ததில் எலும்பு தப்பாகச் சேர்ந்து, கையால் எதையும் தள்ளினால் வலி. ஸ்டியரிங்கைப் பிடிப்பார், கிளச்சை மிதிப்பார், கியர் போட மட்டும் ஆள் வேண்டும். அம்மா மாட்டேன் என்றாள், எனக்கு வயித்தைக் கலக்குது என்றாள். எனவே விடுமுறைக்கு வருகிற ஜெசிந்தாதான், இதே இடதுபக்க சீட்டில், கால் தரையைத் தொடாத வயதில். அவர் கிளச்சை மிதித்துத் தொண்டையைச் செருமுவார், அவள் போடுவாள். மேட்டில் ஏறும்போது இன்ஜினின் குரல் தழுதழுத்தால் அவர் செருமுவதற்கு முன்பே கையை வைத்துக் காத்திருப்பாள். இருவரும் சேர்ந்து ஒரு டிரைவர். ரோட்டில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தபோதும் பயந்ததாக நினைவில்லை, அது பயமே இல்லாத வயதா, அல்லது கைக்கு வேலை இருந்ததாலா. பிற்பாடு வளர்ந்ததும், நீ அந்தப் பக்கம் உட்கார்ந்து ஓட்டிப் பாரேன் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில், இன்ஜின் உயிரோடிருந்த கடைசி மாதங்களில், ராயப்பன் ஓட்டும்போது கிளச்சு மிதிபட்ட சத்தம் கேட்டு இவள் கை தானாக எழுந்துவிட்டது, அவன் அதைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுத் திருப்பி மடியில் வைத்தான். அன்றைக்கு அது ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

கேட்டுவிட வேண்டியதுதான். செத்தது என்ன என்று கேட்டால் கேட்கட்டும். வெயிலில் போய் டீயைக் குடித்துக்கொண்டிருந்தவனை, "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டாள். "அந்த சீட்ல உக்காருங்க." உட்கார்ந்தான், ஸ்டியரிங்கை ஆட்டிப் பிள்ளைக்கு டுர்ர் என்று சத்தம் காட்டினான், அலோ சிரித்தான். "கண்ணை மூடிட்டு ஃபர்ஸ்ட் போடுங்க." "என்ன பந்தயம்?" "போடுங்களேன்." அவன் கண்ணை மூடினான். கை குமிழின் மேல் வந்து உட்கார்ந்தது, தயங்கவேயில்லை, இடதுபக்கம் சாய்த்துக் கீழே இழுத்தது. அடியில் பெட்டிக்குள் டக்கென்று சுத்தமான ஒரு சத்தம். ஒன்றாவது. "ஏன்டி, மில் வேன்ல இந்தப் பெட்டிதானே, தினம் நூல் கோன் ஏத்திட்டுத் திருப்பூர் போறேன், இது கையில ஊறிப்போச்சு" என்றான். "ஓ, அதானா! நான் தப்பிப் போட்ருவேன்னு பாத்தியா? செட்ல பின்னாடி வந்துருவேன்னு?" தலையை வெளியே நீட்டி, "மயில்சாமிண்ணே, எங்க வீட்ல இன்ஸ்பெக்டர் டெஸ்ட்டு வக்கிறாங்க, பாஸ் பண்ணிட்டேன்" என்று சத்தம் போட்டான். "அப்ப அஞ்சேதானுங்களே, முடிஞ்சுது கதெ" என்றார் மயில்சாமி ஷாஃப்டின் பக்கத்திலிருந்து, வெட்டவேண்டிய இடத்தைக் குறிக்கச் சாக்பீஸை எடுத்துக்கொண்டே. ராயப்பன் குமிழை நடுவுக்குத் தள்ளிவிட்டு இறங்கிப் போனான்.

ஆக, பயம் பொய். அவன் கை தவறாது. இப்போது நிம்மதி வரவேண்டும், அவள் அதற்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள், ரயிலில் ஆள் வருவார் என்று நகர்ந்து உட்காருவதைப்போல. வரவில்லை. செட்டு வந்தது, படி வந்தது, அலோவின் உள்ளங்கை வந்தது, ஒருவர் வண்டியில் ஏறினார். இந்தத் தடவை அவள் ஏறுகிறவரைப் பார்த்தாள். இதுவரை அந்த முகத்தைப் பார்த்ததில்லை, பார்க்கத் தேவையில்லாமல் ராயப்பன் என்று வைத்துக்கொண்டிருந்தாள், வீட்டில் வண்டி ஓட்டுகிறவன் அவன்தானே. ஏறியது சேலை. சேலையைக் கதவில் மாட்டிக்கொள்ளாமல் இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவசரமாக, மார்க்கெட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பயத்திலேயே. அட, நானா. நான் எப்போது ஓட்டினேன், லைசென்ஸ்கூட இல்லை, ஓட்டப்போகிறேன் என்று யாரிடம் சொன்னேன், எனக்கே சொல்லவில்லையே. கம்பி பக்கத்திலேயே நின்றது. மயில்சாமி குனிந்திருந்தார், ராயப்பன் கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தான், யாரும் பார்க்கவில்லை. பிள்ளையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கண்ணை மூடினாள். வலது கை குமிழைத் தேடவேயில்லை, கண்டது, இடதுபக்கம் சாய்த்தது, மேலே தள்ளியது. வெண்ணெய்போல விழுந்தது. ரிவர்ஸ். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, எடுத்து, மறுபடியும் கண்ணை மூடி, இந்தத் தடவை கீழே, கீழே என்று சொல்லிக்கொண்டே போட்டாள். மேலேதான் போயிற்று.

இனிமேல் சும்மா இருந்தாலும் போதும். அவள் ஓட்டப்போவதில்லை, ஓட்டாதவளின் கை எங்கே போனால் என்ன. அஞ்சு கியர், சத்தமில்லாத வண்டி, பிள்ளை தூங்கிக்கொண்டே அவினாசி தாண்டுவான், இவள் இந்தப் பக்கம் மடியில் கையை வைத்துக்கொண்டு. எந்த ஆபத்தும் இல்லை. கிணற்றடிக்குப் போகாமல், நகம் வெட்டாமல், அரிவாள்மனையைப் பரண்மேல் போட்டுவிட்டு ஆபத்தில்லாமல் இருக்கிறதுபோலவே இதிலும் இருக்கலாம், ஒவ்வொன்றாக எடுத்து மேலே போட்டுக்கொண்டே போனால் கடைசியில் கீழே அவளும் பிள்ளையும் ஒரு பாயும் மட்டும் மிஞ்சும், அதிலும் அவள் கை இருக்கும். கையை எங்கே போடுவது. அந்தக் கேள்வி வந்ததும் அவளுக்கு மார்பு படபடத்தது, ஆனால் இது செட்டின் படபடப்பு இல்லை, வரிசையில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிய வகுப்பின் படபடப்பு. ஸ்பிரிங் புதிதாகப் போட்டால் சரியாகிவிடுமா. ஆகாது, ஸ்பிரிங் இரும்புக்கு, கைக்கு இல்லை. மயில்சாமி டனலின் தகட்டில் வெள்ளைக்கோடு இழுத்துவிட்டு வெட்டுகிற உளியைத் தேடினார். வெட்டிவிட்டால் வெட்டியதுதான்.

"வெட்டாதீங்க" என்றாள் ஜெசிந்தா. கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது, அலோ திரும்பிப் பார்த்தான். "நாலு கியர்ப் பெட்டியே போட்ருங்க." ராயப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "இப்பத்தானே போட்டுக் காட்டினேன்? தப்பு வரலையே?" "உங்களுக்கு வரல. எனக்கு வருது. நான் போட்டா ரிவர்ஸ்தான் விழுது." "நீ எதுக்குப் போடற?" என்றான் அவன், நிஜமாகவே புரியாமல். "நானும் ஓட்டப்போறேன்." அவன் மயில்சாமியைப் பார்த்தான், மயில்சாமி உளியைப் பார்த்தார். "நீயா? ஜெஸி, உனக்கு டீ கிளாஸ் வாங்கவே பயம்." "பயம்தான். அதனாலதான் நாலு கேக்கறேன். பயமில்லைன்னா அஞ்சு போட்டுக்கலாம்." "கத்துமே." "கத்தட்டும். கத்தினாத்தான் வண்டி வருதுன்னு தெரியும்." ராயப்பன் குனிந்து, வேன் பெட்டியை ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்தான். "அவினாசி தாண்டறதுக்குள்ள காது செத்துரும்" என்றான் மறுபடியும், ஆனால் குரலில் பாதிதான் இருந்தது. "பஞ்சு வச்சுக்குங்க" என்றாள். மயில்சாமி அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "வச்சுக்குங்க தம்பி, மில்லுல பஞ்சுக்கா பஞ்சம்?"

"பிள்ளையைப் பிடிங்க" என்று அலோவை அவன் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது கை விட்டுவிடுமோ என்று நினைத்தாள், நினைத்தபடியே கொடுத்தாள், பிள்ளை போய்ச் சேர்ந்தான். எழுந்து சுற்றிப் போகாமல், சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கம்பியைத் தாண்டி அப்படியே வலதுபக்கத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். சக்கரம் நினைத்ததைவிடப் பெரியதாக, மெல்லியதாக இருந்தது. காலை நீட்டினாள். கிளச்சு எட்டவில்லை, பெருவிரல் நுனி மட்டும் பட்டது. மயில்சாமி வந்து குனிந்து பார்த்தார், சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டார்.

"நாலு கியருன்னா சீட்டை முன்னால தள்ளலாமுங்க அம்மிணி. எடமிருக்கு."

"தள்ளுங்க" என்றாள்.